சவ்வுக்குச் சேராத புகழ்

1961-ல் வந்த ஆறு பக்கக் கட்டுரை ஒன்றின் தலைப்பு, தமிழில் சொன்னால், ‘ஊடுருவல் மூலம் திரவக் கலவைகளைப் பிரித்தல்’. எழுதியவர்கள் பின்னிங், லீ, ஜென்னிங்ஸ், மார்ட்டின் என்ற நால்வர். அமெரிக்கன் ஆயில் கம்பெனிக்காரர்கள். பாலிமர் சவ்வு வழியாகத் திரவங்களைப் பிரிக்கும் துறையில் எழுதுகிறவர்கள் முதல் பத்தியிலோ இரண்டாம் பத்தியிலோ இவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். எத்தனை பேர் அந்தக் கட்டுரையைத் திறந்து படித்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், அது வேறு கதை.

கும்பிடுக்குப் பிறகு வரும் பக்கங்களைப் பற்றித்தான் எனக்கு வருத்தம். இந்தத் துறைக் கட்டுரைகளைப் பல வருடமாகப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே மாதிரி அட்டவணை இருக்கும். ஒரு பத்தியில் பாய்வு: ஒரு சதுர மீட்டர் சவ்வு வழியாக ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோ கடந்து வந்தது. அடுத்த பத்தியில் பிரிப்புக் காரணி: இந்தப் பக்கம் இருந்த விகிதத்தைவிட அந்தப் பக்கம் வந்த விகிதம் எத்தனை மடங்கு. பிறகு, ‘எங்கள் சவ்வு முந்தைய சவ்வுகளைவிடச் சிறந்தது’ என்ற முடிவு.

அந்த இரண்டு எண்களில் சவ்வின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமலே இந்த முடிவு எழுதப்படுகிறது என்பதுதான் என் புகார். சூட்டுக்கும், ஆவி அழுத்தத்துக்கும், மூலையில் இரைந்துகொண்டிருக்கும் வேக்குவம் பம்புக்கும் சேர வேண்டிய மாலையை எடுத்துச் சவ்வின் கழுத்தில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக, விஷயம் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம்.

பெருங்காயக் கட்டியைப் பாலிதீன் உறையில் போட்டு, வாயை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டி, அலமாரியில் வையுங்கள். சில நாளில் அலமாரி மணக்கும். உறையில் ஓட்டை இல்லை, தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் சொட்டாது. அப்புறம் வாசம் எப்படி வந்தது? வாச மூலக்கூறுகள் பாலிதீனில் கரைகின்றன. ஆம், திடப்பொருள் மாதிரி தெரிகிற அந்தத் தாளுக்குள் கரைகின்றன. நெளிந்துகொண்டே இருக்கும் பாலிமர் சங்கிலிகளுக்கு நடுவே கிடைக்கிற இடுக்கில் தாவித் தாவி நகர்ந்து மறுபக்கம் வெளியேறுகின்றன. ரப்பர் வழியாக வாயுக்கள் போவதைப் பற்றி தாமஸ் கிரஹாம் 1866-லேயே இப்படித்தான் விளக்கினார். மண்பானை கசிந்து குளிர்வது வேறு; பானையின் சுவரில் நிஜமாகவே நுண்துளைகள் உண்டு.

இப்போது உறைக்குப் பதில் ஒரு பாலிமர் தாளை இறுக்கிப் பிடித்து, ஒரு பக்கம் சூடான திரவக் கலவையை ஓட்டுங்கள், மறுபக்கம் வெற்றிடம் வையுங்கள். தாளில் கரைந்து கடந்து வருபவை மறுபக்கம் ஆவியாகவே வெளிவரும். அதைக் குளிர வைத்தால் திரவமாகப் பிடித்துக்கொள்ளலாம். இதற்குப் பெயர் பெர்வேபரேஷன். பெயரை வைத்தவர் பிலிப் கோபர், 1917-ல். கொலோடியன் பையில் திரவத்தை ஊற்றி வாயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டிய கட்டு அப்படியே இருக்க, உள்ளே இருந்த திரவம் குறைந்துகொண்டே வந்ததை அவருடைய உதவியாளர் கவனித்துச் சொன்னார். கவனித்தவரை விட்டுவிட்டுப் பெயர் வைத்தவரைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். இந்தத் துறையில் புகழ் இடம் மாறிப் போவது அன்றைக்கே தொடங்கிவிட்டது போலிருக்கிறது.

கோபருக்கும் நூறு வருடம் முன்னால், ஜெர்மனியில் சோமெரிங் என்ற உடற்கூறு அறிஞர், மாட்டின் சிறுநீர்ப்பையில் சாராயத்தை ஊற்றிக் கட்டி வைத்தால் நாள் போகப்போக அது கடுமையாகிறது என்று கண்டார். ஆல்கஹால் உள்ளே தங்க, தண்ணீர் தோலைக் கடந்து காற்றில் போய்விடுகிறது. திறந்த பாத்திரத்தில் வைத்திருந்தால் நேர்மாறாக, ஆல்கஹால்தான் முதலில் பறந்திருக்கும். இந்தச் சின்ன வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நடுவில் ஒரு சொல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளி வேதியியல் புத்தகத்தில் சவ்வூடு பரவல் பாடத்தில் ‘ஒரு கூறு புகவிடும் சவ்வு’ என்று படித்திருப்போம். அழகான சொல்தான். ஆனால் அது ஒரு வாயிற்காப்போனை மனதில் நிறுத்திவிடுகிறது: ஒருவனை உள்ளே விடுவான், இன்னொருவனைத் தடுத்துவிடுவான். பெர்வேபரேஷன் சவ்வு அப்படிப்பட்ட ஆள் இல்லை. எல்லோரையும் விடும், வேகத்தில்தான் வேறுபாடு. தடுப்பவன் என்ற படம் மனதில் இருக்கும்வரை, கிடைத்த பிரிப்பு முழுவதும் அவன் கைங்கரியம் என்றுதான் தோன்றும்.

பின்னிங் குழுவுக்குத் திரும்புவோம். பெட்ரோலியக் கம்பெனி ஆட்கள் என்பதால் ஹெப்டேன், ஐசோ-ஆக்டேன் மாதிரியான ஹைட்ரோகார்பன்களைப் பிளாஸ்டிக் படலம் வழியாக விட்டுப் பார்த்தார்கள். படலத்தை மெல்லியதாக்கினால் வேகம் கூடுகிறது, பிரிப்பின் தரம் குறையவில்லை என்று காட்டியது அவர்களின் பெரிய சாதனை. பிற்காலத் தொழில்நுட்பம் முழுவதும் இந்த ஒரு கவனிப்பின்மேல் நிற்கிறது. விளக்கத்தில்தான் கொஞ்சம் தடுமாற்றம். படலத்துக்குள்ளேயே முதல் பகுதி திரவம் ஊறிய பகுதி, கடைசியில் ஒரு மெல்லிய ஆவிப் பகுதி, பிரிப்பு நடப்பது இரண்டின் எல்லையில் என்று ஊகித்தார்கள். பிறகு வந்தவர்கள் பல தாள்களை அடுக்கி வைத்து, முடிந்ததும் உரித்து எடுத்து எடை போட்டு, திரவப் பக்கம் ஊறியும் வெற்றிடப் பக்கம் காய்ந்தும் போகிற ஒரு தொடர்ச்சியான சரிவைத்தான் பார்த்தார்கள். ஆனாலும் அந்த ஊகம் சாகவில்லை; 1991-ல் ஒகாடாவும் மட்சூராவும் நுண்துளைக்குள் திரவம்-ஆவி எல்லை இருப்பதாக ஒரு மாதிரியைக் கொண்டுவந்தார்கள். நான் கரைந்து நகர்தல் கட்சிதான், ஆனால் அந்தச் சண்டைக்குள் இங்கே போகவில்லை.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய தடுமாற்றத்தில் இருந்த ஒரு நேர்மை. ஆவியாதல் என்ற நிகழ்ச்சி எங்கேயோ ஒரு இடத்தில் நடக்கிறது, அதற்குப் பிரிப்பில் பங்கு உண்டு என்று அவர்கள் கவலைப்பட்டார்கள். பின்னால் வந்த அட்டவணைகளில் அந்தக் கவலையே காணாமல் போய்விட்டது.

ஒரு கணக்குப் போடலாம், வாங்க. பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

நொதிக்க வைத்த கலவையில் எடையில் 5 சதவீதம் எத்தனால், மீதி தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். சவ்வு எதுவும் இல்லாமல் அதைக் கொதிக்க வைத்தால், முதலில் எழும் ஆவியில் எத்தனால் 35 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இது நூறு வருடத்துக்கு மேலாகச் சாராய ஆலைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். பிரிப்புக் காரணியாக மாற்றினால்: ஆவியில் 35-க்கு 65, திரவத்தில் 5-க்கு 95. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 10-ஐ ஒட்டி வரும். அதாவது அடுப்பில் வைத்த ஒரு பாத்திரத்தின் பிரிப்புக் காரணி 10.

இப்போது எத்தனாலைத் தண்ணீரிலிருந்து எடுக்க உலகம் முழுவதும் அதிகம் சோதிக்கப்பட்ட பாலிமருக்கு வருவோம்: சிலிக்கோன் ரப்பர். அதன் பிரிப்புக் காரணி பெரும்பாலான கட்டுரைகளில் 5-க்கும் 10-க்கும் இடையில் வருகிறது. 8 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், சவ்வைக் கடந்து வந்ததில் எத்தனால் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பாத்திரம் 35 கொடுத்தது, சவ்வு 30 கொடுத்தது.

நிதானமாக இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ‘எத்தனாலைத் தேர்ந்தெடுக்கும் சவ்வு’ என்று புகழப்படுகிற பொருள், வெறும் ஆவியாதல் செய்து கொடுத்த பிரிப்பைக் கொஞ்சம் கெடுத்துத்தான் வைத்திருக்கிறது. எட்டைப் பத்தால் வகுத்தால் 0.8. இதுதான் சவ்வின் சொந்தத் தெரிவுத்திறன். ஒன்றுக்குக் கீழே என்றால், ஒரே உந்துதலில் எத்தனாலைவிடத் தண்ணீர்தான் அதன் வழியாக எளிதாகப் போகிறது என்று பொருள். சவ்வு எத்தனாலைத் தேர்ந்தெடுக்கவில்லை. எத்தனால் எளிதில் ஆவியாகிறது, அவ்வளவுதான்.

இதை நான் கண்டுபிடித்ததாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் ரிச்சர்ட் பேக்கரும் வைமன்ஸும் 1990-களின் தொடக்கத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள்: கிடைக்கும் மொத்தப் பிரிப்பு என்பது ஆவியாதலின் பிரிப்பும் சவ்வின் பிரிப்பும் பெருக்கி வருவது, இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள் என்று. நொதித்தல் துறைக்காக லீலண்ட் வேன் 2005-ல் எழுதிய நீண்ட ஆய்வுரையும், சிலிக்கோன் ரப்பரை நேராக ஆவியாதலோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறது. பிறகு 2010-ல் பேக்கர், வைமன்ஸ், யூ ஹுவாங் மூவரும் ‘ஜர்னல் ஆஃப் மெம்பிரேன் சயின்ஸ்’ இதழில், முடிவுகளை ஊடுருவுதிறனாகவும் தெரிவுத்திறனாகவும் தருவதே நல்லது என்று தனிக் கட்டுரையே எழுதினார்கள். சொல்லி வருடக்கணக்காகிவிட்டது, பழைய அட்டவணை மட்டும் அப்படியே வந்துகொண்டிருக்கிறது.

எதிர்த் திசையிலும் இதே கூத்துதான். தண்ணீரில் துளித்துளியாகக் கலந்துவிட்ட டொலுயீனைச் சிலிக்கோன் ரப்பரால் எடுத்தோம், பிரிப்புக் காரணி ஆயிரக்கணக்கில் வந்தது என்று படித்தால் வியப்பாக இருக்கும். டொலுயீனுக்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது. திறந்து வைத்தாலே ஓடிவிடும். அந்தக் கரைசலின் மேல் நிற்கும் ஆவியில் டொலுயீனின் விகிதம், திரவத்தில் இருப்பதைப் போல் சுமார் பத்தாயிரம் மடங்கு. இந்தப் பத்தாயிரம் ஆவியாதலின் கணக்கில் வரவு வைக்க வேண்டியது. இங்கே சவ்வும் டொலுயீன் பக்கம்தான் சாய்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு சாய்கிறது என்று அந்த ஆயிரத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

அடுத்து, வெப்பநிலை. ஐந்தாறு வெப்பநிலைகளில் பாய்வை அளந்து, ஒரு நேர்கோடு வரைந்து, அதன் சரிவிலிருந்து ‘ஊடுருவலின் கிளர்வு ஆற்றல்’ என்று ஓர் எண்ணை எடுப்பது வழக்கம். நாற்பதுகளில் ஏதோ ஒரு எண் வரும், கிலோஜூல் கணக்கில். அதை வைத்துப் பாலிமர் சங்கிலிகளின் அசைவைப் பற்றி ஒரு பத்தி எழுதுவார்கள். தண்ணீரை ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பம் ஒரு மோலுக்கு 44 கிலோஜூல், எத்தனாலுக்கு 42. சூடேற்றினால் ஆவி அழுத்தம் கூடும், உந்துதல் கூடும், பாய்வும் கூடும். இதற்கும் பாலிமருக்கும் சம்பந்தமில்லை. இதை 1996-ல் ஃபெங், ஹுவாங் இருவரும் விளக்கமாக எழுதி, உந்துதலைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் வழியையும் காட்டினார்கள். கழித்துப் பார்த்தால் சில சவ்வுகளுக்கு மிச்சம் பூஜ்யத்தை ஒட்டி வரும், சிலவற்றுக்கு எதிர்மறையாகவே வரும். அப்போது சங்கிலி அசைவைப் பற்றி எழுதிய அந்தப் பத்தியை என்ன செய்வது?

இந்த இரண்டாவது ஹுவாங், வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். 2010 கட்டுரையில் வருபவர் வேறு ஆள். இவர் பெயரோடு சேர்ந்து வழங்கும் இன்னொன்றும் உண்டு: பாய்வையும் பிரிப்புக் காரணியையும் பெருக்கி ஒரே மதிப்பெண்ணாகத் தரும் ‘பெர்வேபரேஷன் பிரிப்புக் குறியீடு’. பிரிப்பே நடக்காத ஓட்டைச் சவ்வுக்கும் பெரிய மதிப்பெண் விழுந்துவிடுகிறதே என்று, காரணியிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டுப் பெருக்கும்படி பிறகு திருத்தினார்கள். திருத்தியும் கோளாறு போகவில்லை.

10 சதவீதம் தண்ணீர் உள்ள எத்தனாலை உலர்த்த இரண்டு சவ்வுகள் இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். முதலாவதின் பாய்வு மணிக்குச் சதுர மீட்டருக்கு 1 கிலோ, பிரிப்புக் காரணி 100. இரண்டாவதின் பாய்வு 0.05 கிலோ, காரணி 5000. குறியீட்டின்படி முதலாவதுக்கு 99 மதிப்பெண், இரண்டாவதுக்கு 250. கட்டுரையில் இரண்டாவதுதான் கதாநாயகன். ஆனால் முதல் சவ்வைக் கடந்து வருவதில் தண்ணீர் 92 சதவீதம், இரண்டாவதில் 99.8. கூட வரும் அந்த எட்டு சதவீத எத்தனாலைத் திரும்ப வடிகலத்துக்கே அனுப்பிவிடலாம், பெரிய நஷ்டம் இல்லை. மாறாக, நாளொன்றுக்கு ஒரு டன் கடந்து வர வேண்டும் என்றால் முதல் சவ்வு 42 சதுர மீட்டர் போதும். இரண்டாவது 830 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். ஆலை முதலாளி எதை வாங்குவார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

‘இது வெறும் புள்ளிவிவரச் சண்டை, யாருக்கு என்ன நஷ்டம்?’ என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் சேர்ந்தவுடன் செய்வது பழைய கட்டுரைகளைத் தொகுத்து ஒப்பீட்டு அட்டவணை போடுவது. ஒருவர் 30 டிகிரியில் அளந்திருப்பார், இன்னொருவர் 70 டிகிரியில். ஒருவர் 5 சதவீதத் தண்ணீரில், இன்னொருவர் 20-ல். ஒருவரின் தாள் 50 மைக்ரான், இன்னொருவருடையது ஓரிரு மைக்ரான். மறுபக்க அழுத்தம் எவ்வளவு என்று பலர் எழுதுவதே இல்லை. இந்த எண்களை ஒரே பத்தியில் அடுக்கி எது உயர்ந்தது என்று பார்ப்பது, சந்தையில் ஒருவர் படியிலும் இன்னொருவர் கிலோவிலும் மற்றவர் கூறு கட்டியும் விற்பதை ரூபாயை மட்டும் வைத்து ஒப்பிடுகிற மாதிரி. அந்த ஒப்பீட்டை நம்பி மூன்று நான்கு வருடம் ஒரு பாலிமரின் பின்னால் போகிறார்கள். களிமண் கலந்து, ஜியோலைட் கலந்து, நானோ என்று பெயருள்ள எதையாவது கலந்து, பாய்வு 20 சதவீதம் கூடியது என்று எழுதுகிறார்கள். அந்த 20 சதவீதம் கலந்த பொருளால் வந்ததா, தாள் கொஞ்சம் மெலிந்ததால் வந்ததா? அட்டவணையில் அதற்குப் பதில் இல்லை.

உந்துதலையும் தடிமனையும் கழித்துவிட்டால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். அதற்கு வேண்டியது, கலவையின் மேல் ஒவ்வொரு பொருளின் ஆவி அழுத்தம் எவ்வளவு என்ற தகவல். எத்தனால்-தண்ணீர் போன்ற கலவைகளுக்கு அது எப்போதோ அளந்து புத்தகத்தில் போட்டாகிவிட்டது. பத்து நிமிட வேலை. செய்யாததற்குக் காரணம் கஷ்டம் என்று நான் நம்பவில்லை. செய்தால் எண்கள் அடக்கமாகத் தெரியும். ‘பிரிப்புக் காரணி 8’ என்பது ‘தெரிவுத்திறன் 0.8’ ஆகிவிடும். அப்படி ஒரு தலைப்போடு கட்டுரை அனுப்ப யாருக்கு மனசு வரும்?

சரி, அப்படியென்றால் சவ்வு ஒன்றுமே செய்வதில்லையா? செய்கிறது. எங்கே என்று பார்க்கத்தான் சோமெரிங்கின் மாட்டுப் பையை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

எத்தனாலைக் காய்ச்சி வடித்துக்கொண்டே போனால் 95.6 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் ஆவியில் இருக்கும் விகிதமும் திரவத்தில் இருக்கும் விகிதமும் ஒன்றாகிவிடுகின்றன. பாடப் புத்தகம் இதைக் கொதிநிலை மாறாக் கலவை என்கிறது. எத்தனை முறை வடித்தாலும் அதேதான். அதாவது ஆவியாதலின் பிரிப்புக் காரணி அங்கே சரியாக 1. அதைத் தாண்டினால் இன்னும் மோசம், ஆவியாதல் எதிர்த் திசையில் இழுக்கும். இங்கே ஒரு சவ்வு தண்ணீரைப் பிரித்து எடுத்தால், அந்தப் பிரிப்பு முழுக்க முழுக்கச் சவ்வின் சொந்த உழைப்பு. கடன் வாங்கிய புகழுக்கு இடமே இல்லாத பரீட்சை இது.

இந்தப் பரீட்சையில் பாலிவினைல் ஆல்கஹால் தேறியது. பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் தண்ணீரோடுதான் உறவு அதிகம். நம் பசை பாட்டில்களில் இருக்கிற அதே பாலிமர். அப்படியே விட்டால் தண்ணீரில் கரைந்து போய்விடும் என்பதால் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து, துளையுள்ள வேறொரு தாளின் மேல் மெல்லிய பூச்சாகப் பூசி, ஜெர்மனியின் ஜி.எஃப்.டி. நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1988-ல் பிரான்சில் பெத்தெனிவில் என்ற ஊரின் சர்க்கரைக் கிழங்கு ஆலையில், ஒரு நாளைக்கு 1,50,000 லிட்டர் எத்தனாலை உலர்த்தும் கூடம் இந்தச் சவ்வை வைத்து ஓடியது. பின்னிங் குழுவினர் காப்புரிமைகளோடு நின்றுவிட்ட இடத்திலிருந்து இது 27 வருடப் பயணம். நடுவில் மாறியது மெல்லிய பூச்சு போடும் கைத்திறன்.

ஆனால் இந்த வெற்றிக் கதையிலும் ஒரு பொய் ஒட்டிக்கொண்டு வருகிறது: ‘வெப்பமே தேவையில்லாத பிரிப்பு’. கடந்து வருகிற ஒவ்வொரு கிலோ தண்ணீரும் ஆவியாகித்தானே வருகிறது? அதற்கு 2,260 கிலோஜூலை ஒட்டிய வெப்பம் வேண்டும். அது எங்கிருந்து வரும்? ஓடிக்கொண்டிருக்கும் எத்தனாலின் சூட்டிலிருந்துதான். என் கணக்குப்படி, ஒரு சதவீதத் தண்ணீரை எடுப்பதற்குள் கலவை எட்டு டிகிரியை ஒட்டிக் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் ஆவி அழுத்தம் விழும், பாய்வும் விழும். அதனால் சவ்வுக் கூடு ஒன்று, சூடேற்றி ஒன்று, மறுபடி கூடு, மறுபடி சூடேற்றி என்று வரிசையாக வைக்க வேண்டியிருக்கிறது. உண்மையான ஆதாயம் என்னவென்றால், மொத்தத்தையும் கொதிக்க வைக்காமல், குறைவாக இருக்கிற தண்ணீரை மட்டும் ஆவியாக்கினால் போதும். இது நல்ல ஆதாயம்தான், இதை மட்டும் சொன்னால் போதாதா?

கடைசிக் கட்டத்தில் என்ன ஆகிறது என்பதும் கட்டுரைகளில் அதிகம் வராது. 80 டிகிரியில் 5 சதவீதத் தண்ணீர் உள்ள எத்தனாலின் மேல், தண்ணீரின் ஆவி அழுத்தம் சுமார் 130 மில்லிபார். தண்ணீர் 0.2 சதவீதமாகக் குறையும்போது அது 6 மில்லிபாரை ஒட்டி வந்துவிடுகிறது. மறுபக்கம் ஆவியைப் பிடிக்கும் குளிர்விப்பான் 7 டிகிரியில் இருந்தால், அங்கே தண்ணீரின் ஆவி அழுத்தம் 10 மில்லிபார். இந்தப் பக்கம் 6, அந்தப் பக்கம் 10. தூய தண்ணீர் கடந்து வருவதாக வைத்துக்கொண்டால், அது கடக்கவே கடக்காது. உலகத்திலேயே சிறந்த சவ்வைக் கொண்டுவந்து மாட்டினாலும் இதுதான் கதி. குளிர்விப்பானை இன்னும் குளிர வைக்க வேண்டும், அல்லது எத்தனாலை அழுத்தத்தில் வைத்து இன்னும் சூடாக்க வேண்டும். ஆலையில் பணம் போவது இங்கேதான். ஆய்வகத்திலோ திரவ நைட்ரஜனில் முக்கிய குடுவையில் ஆவியைப் பிடிப்பதால் மறுபக்க அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யம். இந்தக் கவலை தலை காட்டுவதே இல்லை.

இந்தியாவில் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கு 2025-ல் எட்டப்பட்டது. அதற்கான எத்தனாலை நம் ஆலைகள் பெரும்பாலும் உலர்த்துவது சவ்வால் இல்லை, மாலிகுலர் சீவ் எனப்படும் ஜியோலைட் குண்டுகளால். தண்ணீரைக் குண்டுகள் உறிஞ்சும், அழுத்தத்தைக் குறைத்து அவற்றை மறுபடி உலர்த்திப் பயன்படுத்துவார்கள். அவற்றோடு போட்டி போட வேண்டும் என்றால், ஒரு டன் எத்தனாலுக்கு எவ்வளவு நீராவி, எவ்வளவு மின்சாரம், தாள் எத்தனை வருடம் உழைக்கும் என்ற எண்கள் வேண்டும். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் பெர்வேபரேஷன் கட்டுரைகள் நிறைய வருகின்றன. அவற்றில் கைட்டோசான், சோடியம் ஆல்ஜினேட் கலவைகளின் குறியீட்டு மதிப்பெண்கள் வரிசையாக இருக்கும். மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடினால் கிடைப்பது அரிது.

சிலிக்கோன் ரப்பருக்கும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். எத்தனாலில் அது பாத்திரத்திடம் தோற்றாலும், பியூட்டனால் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் மாறுகிறது. பியூட்டனாலை உண்டாக்கும் பாக்டீரியாக்கள், அது ஒன்றிரண்டு சதவீதம் சேர்ந்ததுமே தங்கள் சரக்காலேயே செத்துப் போகும். கலத்தைக் கொதிக்க வைத்தாலும் செத்துப் போகும். 37 டிகிரியிலேயே, செல்களையும் உப்பையும் இந்தப் பக்கமே நிறுத்திவிட்டுப் பியூட்டனாலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே இருக்க ஒரு வழி வேண்டும். சவ்வு அதைச் செய்கிறது. தெரிவுத்திறன் ஒன்றை ஒட்டி இருந்தால்கூடப் பரவாயில்லை. பிடித்து வைத்த திரவத்தில் பியூட்டனால் எட்டு சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் தண்ணீரில் கரையாமல், எண்ணெய் மாதிரி தனி அடுக்காக மேலே மிதக்கும். மேலே இருப்பதை வடித்து எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பிரிப்பைச் செய்வது புவியீர்ப்பு. அதையும் சேர்த்துச் சவ்வின் பிரிப்புக் காரணியில் எழுதாமல் இருந்தால் சரி.